சொன்ன சாட்சியும் சொல்லாத ஆபரேஷனும்

வடக்குப்பட்டு,
புதன்கிழமை.

அன்பு மகன் ஹேமந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நீயும் மருமகள் நிலாவும் ஜெர்மனியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அவ்வாறே என்று அடுத்த வரியில் எழுதவேண்டும், அதுதான் முறை, ஆனால் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் காகிதத்தில் எழுதி கூரியரில் போடுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்கிறாய் என்று நிலா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். முப்பது வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் நான், அவசரத்தில் ஏறுகிறவனிடம் எதைச் சொன்னாலும் காதில் விழாது என்று எனக்குத் தெரியும். காகிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. உட்கார்ந்து படி. நிலா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத ரகசியம் எதுவும் இதில் இல்லை.

வீட்டு விஷயம் முதலில். உன் அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை, மாடிப்படி ஏறிவிடுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறாள். மாடி அறைகளில் இப்போது ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், தண்ணீர் மோட்டாரை அணைக்க மட்டும் எத்தனை சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் சொன்னதும் உன் அம்மா பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணியையெல்லாம் மேலே ஏற்றிவிட்டாள், அந்தத் தண்ணீர் நம் பக்கம் வராது என்று சொன்னால் கேட்பதில்லை. எனக்குப் புது பஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கேமரா என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறது, கொட்டாவி விட்டால் சத்தம் போடுகிறது. என் மேல் இவ்வளவு கவனம் வைத்திருப்பது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அதையெல்லாம் விடு. உன் தங்கை ஷெர்லின் கம்பெனியில் மயங்கி விழுந்தாள், புருவத்தில் தையல் போட்டார்கள் என்று உனக்கு அன்றைக்கே போனில் சொன்னோம். ஏன் விழுந்தாள் என்று நீ கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிறேன். அவள் இருப்பது காருக்கு வயர் கட்டும் லைன், ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. எதிரே பலகை மாதிரி ஒரு போர்டு, அந்தப் போர்டு முழுக்க, வயரைப் பிடித்து நிறுத்த இரும்புக் கொக்கிகள். அன்றைக்கு அவளுக்கு முதல் ஷிப்ட். டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால் கண் இருட்டி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள், ஒரு கொக்கி புருவத்தைக் கிழித்துவிட்டது. ஒரு விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். நான் வேறொரு கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய சூப்பர்வைசர் போன் செய்து, "அண்ணே, பயப்படாதீங்க, மூச்சு நல்லா கீது, வண்டில ஏத்திக்கினு போறோம், நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற அளவுக்கு என் பெண்ணுக்கு என்ன வந்தது என்று தெரியாமல் ஓடினேன். கையில் இருந்த இட்லித் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா என்னைத்தான் திட்டினார். உடம்பில் ரத்தமே இல்லை, பெண்ணுக்குச் சோறு போடுவதில்லையா என்று கேட்டார். நூற்றுப் பத்து கிலோ இருக்கிற பெண் பட்டினியில் மயங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் முதலில் நம்பவில்லை. தினமும் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது, உன் அம்மா கழுவி வைக்கிறாள், சந்தேகப்பட என்ன இருக்கிறது? பாக்ஸில் இருந்ததை லைனில் வேலை செய்கிற அசாம் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு இவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும், அப்புறம் புதனும் வெள்ளியும், கடைசியில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள், மூன்று நாள். ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, கட்டுப்போட்ட கண்ணோடு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். "அண்ணன் எவ்ளோ உறுதியா இருந்துச்சு, எனக்கு ரெண்டாம் நாளே காலு நடுங்குது, எனக்கு விசுவாசம் பத்தலப்பா" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

போன டிசம்பரில் நீ வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டில் உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாக இருந்தாய். நம் தெருவில் உன்னை குண்டு ஹேமந்த் என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா செய்த பிரியாணியில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாய், அவள் அன்றைக்கு அழுதாள். வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனையில் பாஸ்டர் உன்னைப் பார்த்து, தம்பி இவ்வளவு இளைச்சு வந்திருக்கீங்களே, கர்த்தர் செஞ்சதைச் சபைக்குச் சாட்சியா சொல்லுங்க என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தது அவர் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நன்றி, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நீ உபவாசமும் ஜெபமும்தான் என்றாய். சபை அல்லேலூயா சொன்னது. அல்லேலூயா வர வர உன் சாட்சியும் நீண்டுகொண்டே போனது. பசி வரும்போதெல்லாம் முழங்காலில் நின்றேன் என்றாய், ஆண்டவர் என் நாக்கைக் கட்டினார் என்றாய், விசுவாசம் இருந்தால் மாத்திரை வேண்டாம், ஜிம் வேண்டாம் என்றாய். எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் நான்தான். ஷெர்லின் என் பக்கத்து வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்ல செல்போனில் குறித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். கம்பெனியில் அவள் சைஸில் பெண்கள் கோட் இல்லை என்று ஆண்கள் கோட்டைக் கொடுத்திருக்கிறார்கள், பொத்தானெல்லாம் எதிர்ப்பக்கம், போட்ட முதல் நாள் லைனே சிரித்தது. பெண் பார்க்க வந்த பென்னலூர்க்காரர்கள் கேக்கும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு நல்ல பொண்ணு, கொஞ்சம் இளைச்சதும் சொல்லி அனுப்புங்க என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார்கள். என்னவோ கட்டடத்துக்குப் பூச்சு காயட்டும் என்கிற மாதிரி. அப்படிப்பட்ட பெண்ணுக்கு அதே ரத்தம், அதே உடம்புவாகு உள்ள அண்ணன் மேடையில் நின்று, கேட்டேன், கொடுத்தார் என்கிறான். அவளும் கேட்டாள். நீ ஊருக்குப் போன பிறகு பாஸ்டர் உன் கதையை நாலு பிரசங்கத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் ஒன்று ஆரம்பித்தது, ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். உனக்கு இதெல்லாம் தெரியும். ஷெர்லின் போட்டோ அனுப்பினாள், நீ அதற்குக் கை கூப்பிய படம் போட்டாய்.

ஷெர்லின் விழுந்த மறுநாள் நிலா என்னைக் கூப்பிட்டாள். உன்னிடம் கேட்காமல்தான் கூப்பிட்டிருக்கிறாள், அதற்காக அவளிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசினாய் என்று தெரிந்தால் நான் உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன். "மாமா, ஷெர்லினைச் சாப்பிடச் சொல்லுங்க, அவரு உபவாசம் இருந்து இளைக்கல மாமா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு உள்ளே இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள், அதனால்தான் நீ இரண்டு ஸ்பூனுக்கு மேல் சாப்பிடுவதில்லை, உன் முடி கொட்டியதும் அதனால்தான் என்றாள். நான் ஏதோ ஜெர்மனியில் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே ஆறுதல் சொன்னேன். அப்புறம்தான் சொன்னாள், செய்தது போரூரில் என்று.

போரூரில், ஹேமந்த். போன வருஷம் சிங்கப்பூரில் டிரெயினிங் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போரூரில் படுத்திருக்கிறாய். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி ஏரிக்கரை தாண்டி பூந்தமல்லி தாண்டினால் போரூர். அந்த வாரம் நான் கம்பெனி ஆட்களைக் கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போனேன், அந்த ஆஸ்பத்திரி வாசல் சிக்னலில் நின்று, எவனோ ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டது உட்பட ஞாபகம் இருக்கிறது. மேலே எந்த மாடியில் இருந்தாய்? அன்றைக்கு வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டினாய், ஏன்டா வெளுத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு ஓட்டல் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அதே வாரம்தான் அவள் உனக்கு அனுப்புவதற்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். உன் மாமியார் வீட்டுக்கும் சொல்லவில்லை என்று நிலா சொன்னாள். அந்தச் சின்னப் பெண் தனியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போரூர் போலீஸா?

அன்று சாயங்காலம் நான் உனக்குப் போன் செய்தபோது நீ பேசியது முழுவதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. முதலில் நிலா மேல் எரிந்து விழுந்தாய். பிறகு கெஞ்சினாய். "அப்பா ப்ளீஸ், யாருக்கும் சொல்லாதீங்க, சபையில என் பேரு நாறிடும், உங்களுக்கும்தான் அசிங்கம்" என்றாய். என் அசிங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆபரேஷன் செய்துகொண்டது உன் உடம்பு, உன் இஷ்டம் என்று சொன்னாய். அதில் எனக்கு உன்னோடு சண்டை கிடையாது. நான் படிக்காதவன் என்றாலும் அந்த அளவுக்கு மட்டமானவன் இல்லை. உன் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் என்றதும் தெருவே பழமும் பிஸ்கட்டுமாக வந்து நின்றது. வயிற்றில் ஆபரேஷன் என்று நீ சொல்லியிருந்தால் அதே தெரு, தின்று தின்று கொழுத்துவிட்டுக் கஷ்டப்படாமல் வெட்டிக்கொண்டான் என்று பேசியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து உன் இடுப்பைக் கிள்ளியவர்களுக்கு உன் வயிற்றைத் திறந்து காட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சொல்லாமல் இருந்தால் அது உன் மரியாதை. எப்படி இளைத்தாய் என்று கேட்டவனிடம், அது எதுக்குப்பா இப்போ என்று சிரித்துவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு நான் உன் பக்கம் நின்று ஊரோடு சண்டை போடுவேன். நீ சொல்லாமல் இருக்கவில்லை. இல்லாத ஒன்றை எழுந்து நின்று சொன்னாய், அதற்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுத்தாய். இரண்டும் ஒன்று என்று உன் இங்கிலீஷில் எனக்குப் புரியவைக்கப் பார்க்காதே.

சரி, ஷெர்லினிடம் நானே சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றாய். காத்திருந்தேன். சனிக்கிழமை அவள் செல்போனைக் காட்டி, அண்ணன் மெசேஜ் போட்டிருக்கு பாருங்கப்பா என்று சந்தோஷமாகக் கொண்டுவந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். உடம்பு தேறியதும் திரும்ப ஆரம்பி, விட்டுவிடாதே, தண்ணீர் நிறையக் குடி, உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். டேய், அவள் புருவத்தில் தையல் கூடப் பிரிக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவனை நாம் பெறவில்லை, யாரோ பெற்று நம் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்பா இப்படி எழுதலாமா என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

ஆகையால் நானே சொன்னேன். தையல் பிரிக்க அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டு வரும்போது, பஸ்ஸை டீசல் போடுகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, என் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. அவள் கத்துவாள், உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கை என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பிறகு, "அப்ப ஏசப்பா என் ஜெபத்தக் கேக்காம இருக்கலியாப்பா? அண்ணன் ஜெபத்த மட்டும் கேட்டாரு, என்னுத கேக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். ஒரு வருஷமாக இந்தப் பெண் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த லைனில் நின்றிருக்கிறாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அந்தக் கேமரா என்ன கணக்கில் சேர்த்ததோ, சத்தம் போட்டது. அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து அடுத்ததாகக் கேட்டது உன்னைப் பற்றி. "அண்ணனுக்கு ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல? யாருப்பா கூட இருந்தாங்க?" என்றாள். உன்னைத் திட்டி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள், சாதத்தை வடித்தாள், ஷெர்லினுக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான், "எம் புள்ள வவுத்துல கத்தி பட்ட அன்னிக்கு நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னே தெரியலியே" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஷெர்லின் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், இரும்புச் சத்து மாத்திரை போடுகிறாள். உடம்பைப் பற்றி என்ன செய்வது என்று ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துக் கேட்கப் போகிறாள், உனக்குச் செய்த மாதிரி செய்துகொள்ளவேண்டும் என்று அவள் முடிவு செய்தால் நான் பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்பதை அவள் சொல்வாள், நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

இப்போது சபை விஷயம். இதில் எனக்கும் ஷெர்லினுக்கும் இரண்டு நாளாக வாக்குவாதம். சபைக்கு நீங்கள் சொல்லாதீர்கள், அண்ணன் வயிறு, அண்ணன்தான் சொல்லவேண்டும் என்கிறாள். நான் சொன்னேன், வயிறு அவனுடையதுதான், ஆனால் அவன் சொன்ன கதை இப்போது ஊரார் வயிற்றில் வேலை செய்கிறதே என்று. நம் மரகதம் அக்கா, கம்பெனியில் தரை துடைக்கும் வேலைக்கு என் பஸ்ஸில் வருகிறவர், வருஷக்கணக்காகச் சர்க்கரை நோய்க்காரர், உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை, செருப்புப் போட முடியாமல் படியில் ஏறுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா என்றால், "உங்க புள்ளைக்குச் செஞ்ச கர்த்தரு எனக்குச் செய்ய மாட்டாராண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன், வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? இதைச் சொன்ன பிறகு ஷெர்லின் வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு, அண்ணனுக்கு ஒரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். அவளுக்காகத்தான் கொடுக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பெரிய திரை வாடகைக்கு எடுத்து உன் சாட்சியை வீடியோவில் போடவேண்டும் என்று பாஸ்டருக்கு ஆசை, உன்னிடம் வாங்கிக் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருக்கிறார். அனுப்பு. உண்மையைச் சொல்லி அனுப்பு. வயிற்றைக் காட்டவேண்டாம், அழவேண்டாம், மன்னிப்புக்கூடக் கேட்கவேண்டாம், ஆபரேஷன் செய்துகொண்டேன், பட்டினியால் இளைக்கவில்லை, யாரும் மருந்தை விடாதீர்கள் என்று சொன்னால் போதும். பாஸ்டருக்கு முன்னாலேயே ஒரு போன் செய்து சொல்லிவிடு, அவர் நல்ல மனுஷர், உன்னைவிட அதிகமாக அவர்தான் வெட்கப்படுவார். அப்படி வரவில்லை என்றால், அல்லது பழைய கதையே திரும்ப வந்தால், மைக்கை வாங்கி நானே சொல்வேன். மைக்கில் பேசி எனக்குப் பழக்கமில்லை, வாழ்க்கை முழுவதும் ஆட்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து பழகிவிட்டேன். ஆனாலும் எழுந்து நிற்பேன்.

என்ன சொல்வது என்று காலிப் பஸ்ஸில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். என் மகன் ஆபரேஷன் செய்துகொண்டான், அது பாவமில்லை, அவன் சொன்னது உண்மையில்லை, யாரும் சாப்பிடாமல் கிடக்காதீர்கள் என்பதுவரை நன்றாகவே வருகிறது. அதற்கு மேல்தான் முடியவில்லை. நம் சபைக்காரர்களை உனக்குத் தெரியும், ஒருவர் கூடத் திட்டமாட்டார்கள், ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஐயோ பிரதர், அவ்வளவு பெரிய ஆபரேஷனா, எங்க நடந்துச்சு, நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டீங்களா என்றுதான் கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்லவேண்டும் என்று நீயே சொல்லிக் கொடு.

உனக்கும் நிலாவுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் கொடுக்கட்டும், அம்மா தன் முத்தத்தை எழுதச் சொன்னாள், ஷெர்லின் அன்பைச் சொல்லச் சொன்னாள், இரண்டையும் எழுதிவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசுக்கும் போடவேண்டிய சத்து மாத்திரையை நீ ஒழுங்காகப் போடுவதில்லை என்று நிலா சொன்னாள். கோபம் கோபமாக இருக்கட்டும், மாத்திரையை விடாதே.

இப்படிக்கு,
எப்போதும் உன் அப்பாவாகிய
ஜெ. ஜெபகுமார்